நேஷனல் பார்க் மலைல ஓடறவங்களுக்கு ஒரு ஒழுங்கான பாதை வேணும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மாரத்தான் சீசன் வந்தா போதும், உங்க பேப்பர்ல ரன்னிங் பத்தி நிறைய வருது, என்ன சாப்பிடணும், எந்த ஷூ வாங்கணும், பெடர் ரோடு ஏத்தத்துல எப்படி மூச்சு விடணும்னு எல்லாம் போடறீங்க, நல்ல விஷயம், நானும் கட் பண்ணி வச்சுக்கறேன். ஆனா மும்பைல ஓடறவங்கள்ல ஒரு கூட்டம் இப்ப ரோட்டை விட்டுட்டு மலைக்குள்ள போக ஆரம்பிச்சிருச்சு, அதைப் பத்தி யாரும் எழுதற மாதிரி தெரியல. நான் சொல்றது போரிவலி நேஷனல் பார்க். முழுப் பேரு சஞ்சய் காந்தி நேஷனல் பார்க், ஆனா சயான், தாராவி, செம்பூர்ல இருக்கற நம்ம ஆளுங்க யாரைக் கேட்டாலும் நேஷனல் பார்க்னுதான் சொல்வாங்க. அங்க ட்ரெயில் ரன்னிங், அதாவது மலைல மண் பாதைல ஓடறது, பண்றவங்களுக்கு வனத்துறையே பாதை குறிச்சு, நேரம் குறிச்சு, உள்ள பாடால, அதாவது காட்டுக்குள்ள இருக்கற ஆதிவாசி குடியிருப்புல, இருக்கற ஆளுங்களையே கைடா போட்டு நடத்தணும், அதுவரைக்கும் ரன்னிங் ஆப்ல கிடைக்கற, வேற யாரோ ஓடின ட்ராக்கைப் பார்த்து தன்னிஷ்டத்துக்கு காட்டுக்குள்ள ஓடறதை நாம நிறுத்தணும், இதுதான் நான் சொல்ல வர்றது. கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

முதல்ல அந்த இடம் எப்படின்னு தெரியாதவங்களுக்கு. மொத்தம் 104 சதுர கி.மீ காடு, ஒரு பக்கம் போரிவலி, கோரேகாவ், இன்னொரு பக்கம் முலுண்ட், தானே, நடுவுல இந்த மலை. தரை மட்டம் 30 மீட்டர்ல ஆரம்பிச்சு மேல போகப் போக 480 மீட்டர் வரைக்கும் ஏறுது. கொடைக்கானல் ஊட்டி பார்த்தவங்களுக்கு இது சின்ன மலையா தோணலாம், ஆனா கிட்டத்தட்ட கடல் மட்டத்துல இருந்து நேரா ஏறற மலை, மும்பை புழுக்கத்துல ஏறும்போது தொடை ரெண்டும் எரியும். உள்ள துள்சி ஏரி, விஹார் ஏரி இருக்கு, விஹார் 1860ல கட்டினது, துள்சி 1879ல, ரெண்டுமே இன்னைக்கும் மும்பைக்கு குடிதண்ணி குடுக்கற ஏரிங்க. தஹிசர் நதி இந்த மலைலதான் பிறக்குது, மீட்டி நதிக்கும் விஹார் ஏரி தண்ணி போகுது. நடுவுல கன்ஹேரி குகைங்க, நூறுக்கும் மேல, கருங்கல்லுல குடைஞ்சது, கி.மு. முதல் நூற்றாண்டுல இருந்து புத்த பிக்குங்க இருந்த இடம்.

இந்த மலைக்கு ஏன் ஓட வர்றாங்கன்னா வேற எங்க போவாங்க சொல்லுங்க. மெரைன் டிரைவ், வொர்லி சீஃபேஸ், எல்லாம் கான்கிரீட், தார், டைல்ஸ், வருஷக்கணக்கா அதுல ஓடி முட்டி தேஞ்சவங்க எங்க குரூப்லயே இருக்காங்க. சயான் கோலிவாடால இருந்து விடியக்காலைல கிளம்பி தாதர்ல மாறி போரிவலி போறதுன்னா சும்மா இல்ல, ஆனாலும் ஞாயித்துக்கிழமை ஆனா எங்க ஆளுங்க போயிடறாங்க. மண்ணுல கால் வைக்கறது வேற சுகம், ஒவ்வொரு அடியும் வேற மாதிரி விழும், கல்லு, வேர், சருகு, மணல்னு மாறிட்டே இருக்கறதால ஒரே இடத்துல அடி விழாது. ஆனா அதே காரணத்தாலதான் கணுக்கால் சுளுக்கறதும் இங்கதான். ரோட்ல 10 கி.மீ. ஒரு மணி நேரத்துல ஓடறவன் மலைல அதே 10 கி.மீ.க்கு ரெண்டு மணி நேரம் எடுத்துக்குவான், ஏத்தத்துல நடக்கணும், இறக்கத்துல சின்னச் சின்ன அடியா வைக்கணும், கண்ணு எப்பவும் ரெண்டு மூணு மீட்டர் முன்னாடியே பார்த்துட்டு இருக்கணும். இது தெரியாம அரை லிட்டர் தண்ணியோட கிளம்பற புதுப் பசங்க பாதியிலயே நாக்கு தள்ளி உட்கார்ந்துடறாங்க. மலைல தூரத்தை கணக்குல வைக்காதீங்க, நேரத்தை வைங்கன்னு புதுசா வர்றவங்க கிட்ட சொல்லிட்டே இருக்கேன், தண்ணி ஆளுக்கு ஒன்றரை லிட்டராவது வேணும், கூட உப்பும் சர்க்கரையும், ஓஆர்எஸ் பாக்கெட் ஒண்ணு பையில போட்டா போதும்.

இப்ப பிரச்சனைக்கு வர்றேன். ரன்னிங் ஆப் இருக்கு பாருங்க, வாட்ச்ல இருந்து நேரா மேப்ல ஏறிடுது, யார் எந்த வழியா ஓடினாங்கன்னு கோடு போட்டு காட்டிடுது. ஒருத்தர் காட்டுக்குள்ள தெரியாத்தனமா போய்ட்டு வந்தா அந்தக் கோடு அப்படியே நின்னுடுது, அடுத்த வாரம் பத்து பேர் அதை டவுன்லோட் பண்ணிக்கிட்டு அதே வழியா போறாங்க, பத்து பேர் போனதும் அது பாதை மாதிரியே தேஞ்சுடுது, அப்புறம் அதைப் பார்க்கறவன் இது எப்பவும் இருக்கற பாதைன்னு நினைச்சுக்கறான். அதுலயும் சில இடத்துல குறிப்பிட்ட தூரத்தை யார் சீக்கிரம் ஓடினதுன்னு லிஸ்ட் வேற வருது, காட்டுக்குள்ள அப்படி ஒரு போட்டி தேவையே இல்ல. இன்னொண்ணு, சாட்டிலைட் மேப்ல மலைச்சரிவுல நேர் கோடா மண்ணு தெரியும், அதைப் பார்த்து ட்ரெயில்னு நினைச்சு ரூட் போடறாங்க, அது ட்ரெயிலே இல்ல, கோடைல தீ பரவாம இருக்க வனத்துறை புல்லை வெட்டி வச்ச தீத்தடுப்புக் கோடு. அது எங்கயும் போய்ச் சேராது, செங்குத்தா ஏறி இறங்கி எங்கயாவது பாறைல முடிஞ்சு நிக்கும்.

போன வருஷம் எங்க குரூப்ல ஒரு தம்பி இப்படித்தான் மாட்டினான். பிப்ரவரி மாசம் யாரோ ஓடின ட்ராக்கை எடுத்துக்கிட்டு ஜூலைல போனான். பிப்ரவரில காஞ்சு கிடந்த மண் பாதை ஜூலைல இடுப்பளவு புல்லு, எங்க கால் வைக்கறோம்னே தெரியாது, ட்ராக்ல காட்டின ஓடையைத் தாண்டலாம்னு பார்த்தா தண்ணி தொடைக்கு மேல சுழிச்சுட்டு போகுது. சரின்னு மேல சுத்திப் போனவன் மழை மூட்டத்துல திசை தெரியாம வேற பக்கம் இறங்கிட்டான், பள்ளத்துல சிக்னல் இல்ல, போன்ல சார்ஜும் இல்ல. எங்க எல்லாருக்கும் உயிர் போய் வந்துச்சு. கடைசில விறகு பொறுக்க வந்த பாடா ஆள் ஒருத்தர் அவன் விசில் சத்தம் கேட்டு கூட்டிட்டு வந்து ரோட்ல விட்டார். பையன் தண்ணில நனைஞ்சு நடுங்கிட்டு இருந்தான், அந்த மனுஷன் தன் பிளாஸ்டிக் சீட்டை எடுத்து அவன் தோள்ல போட்டு விட்டு, ஒரு வார்த்தை திட்டல, ஒரு பைசா வாங்கல. விசில் இல்லாம போயிருந்தா என்ன ஆகியிருக்கும்னு அவங்க அம்மா இன்னும் கேக்கறாங்க.

சிறுத்தை விஷயத்தை தனியா சொல்லணும், ஏன்னா இதுல ரெண்டு தப்பான நினைப்பு நம்ம ஜனங்க கிட்ட இருக்கு. ஒரு சாரார் உள்ள போனாலே அடிச்சு தின்னுடும்னு பயப்படறாங்க, இன்னொரு சாரார் இத்தனை நாளா ஓடறோம், ஒண்ணும் ஆகலையேன்னு சொல்றாங்க. பார்க்லயும் அதைச் சுத்தியும் கேமரா வச்சு எண்ணினப்ப 2015ல 35 சிறுத்தை, 2018ல 47, அப்புறம் எண்ணினதுல 50ஐயும் தாண்டிடுச்சு. இவ்வளவு ஜனம் நெருக்கி இருக்கற ஊருக்கு நடுவுல இத்தனை சிறுத்தை இருந்தும் பெரும்பாலான நாள் ஒண்ணும் நடக்காததுக்கு காரணம், அது நம்மளைப் பார்த்துட்டு ஒதுங்கிப் போறதுதான். அதே சமயம் 2004ல என்ன நடந்துச்சுன்னு பழைய ஆளுங்களுக்கு ஞாபகம் இருக்கும், அந்த வருஷம் பார்க்கை ஒட்டின இடங்கள்ல நிறைய பேர் செத்தாங்க, வேற இடத்துல பிடிச்ச சிறுத்தைகளை கொண்டு வந்து இங்க விட்டதும் அதுக்கு ஒரு காரணம்னு ஆராய்ச்சி பண்ணினவங்க அப்புறம் சொன்னாங்க. பார்க்கை ஒட்டி இருக்கற ஆரே காலனி பக்கம் 2021ல, 2022லகூட தாக்குதல் நடந்துச்சு, குழந்தை ஒண்ணும் போயிடுச்சு. அதனால பயப்படவும் வேண்டாம், அலட்சியமும் வேண்டாம்.

ஓடறவங்களுக்கு இதுல தனியா ஒரு ஆபத்து இருக்கு. பூனை ஜாதிக்கு எதிர்ல ஓடற உருவம்னா துரத்தற புத்தி வந்துடும், அதுவும் விடியக்காலை இருட்டுலயும் பொழுது சாயற நேரத்துலயும்தான் அது நடமாடும், நம்ம ரன்னருங்க கிளம்பறதும் அதே நேரம்தான். அது நடக்கறதும் நாம ஓடற அதே ஒத்தையடிப் பாதைலதான், புதருக்குள்ள முட்டிக்கிட்டு போறதைவிட பாதைல நடக்கறது அதுக்கும் சுலபம். தனியா, காதுல இயர்போன் மாட்டிக்கிட்டு, ஹெட்லைட் போட்டுக்கிட்டு, குனிஞ்சு லேஸ் கட்டிக்கிட்டு இருக்கற ஆள் காட்டு விலங்குக்கு எப்படி தெரியும்னு யோசிச்சுப் பாருங்க. ஒருவேளை எதிர்ல பார்த்துட்டா திரும்பி ஓடவே கூடாது, உட்காரக் கூடாது, குனியக் கூடாது, நிமிர்ந்து நின்னு சத்தமா பேசிக்கிட்டே மெதுவா பின்னாடி நகரணும். இதை ஒவ்வொரு ரன்னிங் குரூப்லயும் ஷூ பத்தி பேசறதுக்கு முன்னாடி சொல்லிக் குடுக்கணும்.

ஒரு தடவை பார்க் உள்ள ஷிலோண்டாங்கற இடத்துப் பக்கம் கைடோட ஒரு நேச்சர் ட்ரெயில் போனோம், ஓடறதுக்கு இல்ல, நடக்கத்தான். கைடு பாடா பையன், இருபது இருபத்திரெண்டு வயசு இருக்கும், முன்னாடி போயிட்டு இருந்தவன் சட்டுனு கையை பின்னாடி நீட்டி எங்களை நிறுத்திட்டான். ஓடைக்கரைல ஈர மண்ணு, அதுல கால் தடம், நகம் பதியல, நாலு விரல், பின்னாடி பெரிய அழுத்தம், ஓரமா மண்ணை பின்னங்காலால பறண்டி விட்டிருக்கு. தடத்துல தண்ணி இன்னும் முழுசா ஊறல, விளிம்பு உதிரல, அதைப் பார்த்து இது காலைல போனதுன்னு மராட்டில சொன்னான். ரெண்டு நிமிஷம் அப்படியே நின்னோம், எதிர்ல மரத்து மேல இருந்து குரங்கு ஒண்ணு கத்திட்டு இருந்தது, அது கத்தறது நின்னதும்தான் அவன் நகர்ந்தான். நாங்களா போயிருந்தா ஷூவால அந்த தடத்தை மிதிச்சுட்டு போயிருப்போம், குரங்கு ஏன் கத்துதுன்னும் கேட்டிருக்க மாட்டோம். அன்னைக்குத்தான் எனக்கு தெளிவாச்சு, இந்தக் காட்டுல ஓடணும்னா இந்த மாதிரி ஒரு ஆள் முன்னாடி வேணும், வாட்ச் போதாது.

சட்டம் என்ன சொல்லுதுன்னு பார்த்தா, 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி இல்லாம நேஷனல் பார்க் உள்ள போறதே குற்றம். கேட்டு வழியா டிக்கெட் வாங்கிட்டு கன்ஹேரி ரோடு வரைக்கும் போறது அனுமதிக்குள்ள வருது, காலைல வாக்கிங் போறவங்களுக்கு பாஸ் இருக்கு. ஆனா முலுண்ட் பக்கம் சுவர் இடிஞ்ச இடத்துல நுழைஞ்சு மலை ஏறி இந்தப் பக்கம் இறங்கறது அனுமதிக்குள்ள வராது, அது எவ்வளவு அழகான ரூட்டா இருந்தாலும் சரி. பார்க்லயே கைடோட நேச்சர் ட்ரெயில் நடத்தறாங்க, கோரேகாவ் பக்கம் பிஎன்எச்எஸ், அதாவது பாம்பே நேச்சுரல் ஹிஸ்டரி சொசைட்டி, சென்டரும் வருஷக்கணக்கா நடத்துது. நடக்கறவங்களுக்கு வழி இருக்கு, சைக்கிள் விடறவங்களுக்கு கன்ஹேரி ரோட்ல வழி இருக்கு, மலைப் பாதைல ஓடறவங்களுக்கு மட்டும்தான் ஆமான்னும் இல்லன்னும் சொல்லாம விட்டு வச்சிருக்காங்க. அப்படி விட்டதாலதான் ஆளுக்கு ஒரு வழி கண்டுபிடிக்கறாங்க.

இது முடியாத காரியம் இல்ல, நம்ம தமிழ்நாட்டைப் பாருங்க. தேனி குரங்கணி மலைல 2018 மார்ச் மாசம் ட்ரெக்கிங் போனவங்க காட்டுத்தீல மாட்டி 20 பேருக்கும் மேல செத்துப் போனாங்களே, எத்தனை வீட்டுப் பிள்ளைங்க, அந்த செய்தி வந்தப்ப இங்க மாட்டுங்கால இருந்து தாராவி வரைக்கும் அதே பேச்சா இருந்துச்சு. அதுக்கப்புறம் அந்த வருஷமே ட்ரெக்கிங்குக்கு விதிமுறை கொண்டு வந்தாங்க, 2024ல ட்ரெக் தமிழ்நாடுன்னு ஒரு திட்டமே ஆரம்பிச்சாங்க, 14 மாவட்டத்துல 40 பாதை, சுலபம், நடுத்தரம், கஷ்டம்னு பிரிச்சு, ஆன்லைன்ல புக் பண்ணி போகலாம், கூட வர்றது அந்த மலைலயே பிறந்து வளர்ந்த பழங்குடி இளைஞர்கள், அவங்களுக்கு பயிற்சி குடுத்து சம்பாத்தியமும் ஆச்சு. தீ பிடிக்கற சீசன்ல பாதையை மூடியும் வைக்கறாங்க. டார்ஜிலிங் பக்கம் சிங்கலிலா நேஷனல் பார்க் இருக்கு, 3636 மீட்டர் உயர சந்தக்ஃபூ அதுலதான் வருது, அங்க ட்ரெக்கிங் போறவங்க உள்ளூர் கைடு இல்லாம உள்ள போக முடியாது, அதே பாதைலதான் 1991ல இருந்து 100 மைல் ஓட்டம் அஞ்சு நாள் பிரிச்சு நடக்குது. அவ்வளவு உயரத்துல, அவ்வளவு குளிர்ல ஒழுங்கா நடத்த முடியுதுன்னா ஹைவேல இருந்து எட்டி நின்னா கேட்டு தெரியற நம்ம பார்க்ல ஏன் முடியாது.

என் கணக்குல செய்ய வேண்டியது பெருசா ஒண்ணும் இல்ல. மெயின் கேட்டுல இருந்து கன்ஹேரி வரைக்கும் போற தார் ரோடு 6, 7 கி.மீ. வரும், கடைசில நல்ல ஏத்தம், ட்ரெயிலுக்குப் புதுசா வர்றவங்க காலைத் தயார் பண்ணிக்க இதைவிட நல்ல இடம் கிடையாது, இதுல ஓடறவங்களுக்குன்னு காலைல ஒரு நேரம் ஒதுக்கி, சூரியன் வந்த பிறகு மட்டும்னு போர்டு வச்சா போதும். ஷிலோண்டா மாதிரி ஏற்கனவே கைடோட நடக்கற பாதைகள்ல ஒண்ணோ ரெண்டோ, வாரத்துல சில நாள், மழை நின்ன பிறகு நவம்பர்ல இருந்து, சின்னச் சின்ன குரூப்பா, ஒரே திசைல. எதிர் எதிரா ஓடினா குறுகலான இடத்துல ஒருத்தர் பாதையை விட்டு இறங்க வேண்டி வரும், அங்கதான் செடி சாகுது, பாம்பு மிதிபடறதும் அங்கதான், கண்ணாடி விரியன் சருகுக்குள்ள கிடந்தா பக்கத்துல போற வரைக்கும் தெரியாது. முன்னாடி ஒரு கைடு, கடைசி ஆளுக்குப் பின்னாடி ஒரு கைடு, உள்ள போன பேரையும் வெளிய வந்த பேரையும் கேட்டுல ஒரு நோட்டுல எழுதணும், எங்க தம்பி விஷயத்துல அப்படி ஒரு நோட்டு இருந்திருந்தா மத்தியானத்துக்குள்ளயே ஆள் வரலன்னு தெரிஞ்சிருக்கும். தானே பக்கம் ஆளுங்களுக்கு யேவூர் போற ரோடு இருக்கு, நல்ல வளைவு, நல்ல ஏத்தம், நிறைய பேர் ஏற்கனவே அங்கதான் பயிற்சி எடுக்கறாங்க, அவங்க அந்த ரோட்டை விட்டு காட்டுக்குள்ள இறங்காம இருந்தா போதும். துள்சி, விஹார் ஏரியைச் சுத்தின காடு எப்பவும் போல பூட்டியே இருக்கணும், அதுல ரன்னர், ட்ரெக்கர், வேண்டப்பட்டவங்கன்னு யாருக்கும் விதிவிலக்கு கேக்கக் கூடாது. கட்டணம் வாங்கட்டும், தாராளமா குடுப்போம், மூவாயிரம் நாலாயிரம் போட்டு ஷூ வாங்கறவங்க கைடுக்கு முந்நூறு குடுக்க யோசிக்க மாட்டாங்க.

அந்தக் காசு பாடா ஆளுங்க கைக்குப் போகணும்னு நான் அழுத்திச் சொல்றேன். பாடால இருக்கற வார்லி பழங்குடி ஜனங்க இந்த மலைல பார்க் வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே இருக்காங்க. மே மாசம் கன்ஹேரி ரோட்ல போனீங்கன்னா அந்தப் பொம்பளைங்க ஓரமா கூடை வச்சு உட்கார்ந்திருப்பாங்க, களாப்பழம் கருப்பா பளபளன்னு, இலையை சுருட்டி அதுல ஒரு கை அள்ளி போட்டு, மேல உப்பும் மிளகாத்தூளும் தூவி குடுப்பாங்க, வாயில போட்டா புளிப்புல பல்லு கூசும், கைவிரல்ல பால் ஒட்டிக்கிட்டு போகாது. மழைக்கு முன்னாடி நாவப்பழம், மழைல வெள்ளரிக்கா. ஓடி முடிச்சு வந்து அதை சாப்பிடறதுக்கு ஈடா எந்த எனர்ஜி ஜெல்லும் கிடையாது, அந்த ஜெல் பாக்கெட்டைத்தான் நம்ம ஆளுங்க கிழிச்சு பாதைலயே போட்டுட்டு போறாங்க, குரங்கு அதை எடுத்து நக்குது, அடுத்த தடவை மனுஷன் கைல இருந்தே பிடுங்க வருது. குப்பைக்கு நாய் வரும், நாய்க்கு சிறுத்தை வரும், இது பார்க் ஓரத்துல இருக்கற ஒவ்வொரு ஹவுசிங் சொசைட்டிக்கும் தெரிஞ்ச கதை. அந்தப் பொம்பளைங்க வீட்டுப் பசங்களுக்கு மலையோட மூலை முடுக்கெல்லாம் அத்துப்படி, ஆனா வேலைக்கு கீழ இறங்கி செக்யூரிட்டி ட்யூட்டிக்கோ டெலிவரிக்கோதான் போறாங்க. மலையைத் தெரிஞ்சவனை மலைலயே வேலைக்கு வச்சுக்கறதுல என்ன தப்பு.

காட்டைப் பத்தி தெரிஞ்ச சில பேர் ரன்னருங்களை உள்ளயே விடக் கூடாதுன்னு சொல்றாங்க. அவங்க சொல்றதுல நியாயம் இருக்கு, நான் மறுக்கல. ஜனம் அதிகமா போற பாதையை விலங்குங்க விட்டு விலகும், ராத்திரிக்கு மாறிக்கும், வளைவுல குறுக்கு வழி எடுத்து ஓடினா மண்ணு அரிச்சு முதல் மழைல வாய்க்கால் மாதிரி ஆயிடும். இந்தச் சரிவெல்லாம் கார்வி புதர், எட்டு வருஷத்துக்கு ஒரு தடவை பூக்கற செடி, நம்ம குறிஞ்சிக்கு சொந்தம், 2016ல பூத்துச்சு, 2024ல பூத்துச்சு, பூத்து விதை விட்டுட்டு அந்தப் புதர் செத்துடும், அப்புறம் அந்த விதைல இருந்து புதுச் செடி வந்துதான் சரிவைப் பிடிச்சு நிக்கணும். இப்ப அந்த இளம் செடிங்க வளர்ற காலம், இதை மிதிச்சா 2032ல பூக்க அங்க ஒண்ணும் இருக்காது. அதனாலதான் நான் முழுக் காட்டையும் கேக்கல, ஏற்கனவே ஆள் நடமாட்டம் இருக்கற ரெண்டு மூணு பாதையை மட்டும்தான் கேக்கறேன். அதோட ரேஸ் வேண்டவே வேண்டாம். ஆயிரம் பேரு, மைக் செட்டு, ஸ்பான்சர் பேனர், பிளாஸ்டிக் கப்புல தண்ணி, இதெல்லாம் நேஷனல் பார்க் உள்ள வரக் கூடாது, மலைல போட்டி போடணும்னு ஆசை இருக்கறவங்களுக்கு புனே பக்கம் சிங்ககட், ராஜ்கட், தோர்ணா கோட்டைங்களை இணைச்சு நடக்கற அல்ட்ரா, அதாவது மாரத்தானைவிட நீளமான ஓட்டம், இருக்கு, அங்க போகலாம்.

அதே சமயம் முழுசா தடை போட்டா என்ன ஆகும்னும் பார்க்கணும். கேட்டு வழியா முறையா வர்றவன் நின்னுடுவான், சுவர் ஏறி வர்றவன் நிக்க மாட்டான். 104 சதுர கி.மீ. காட்டைச் சுத்தி முழுக்க ஃபாரஸ்ட் கார்டு போட முடியாது, இருக்கற கார்டுங்க ஏற்கனவே ராத்திரி பகல் பார்க்காம ரோந்து போறாங்க, அவங்க கஷ்டத்தை நான் நேர்ல பார்த்திருக்கேன். ஒழுங்கா ஓடற ரன்னர் காலைல பாதைல இருந்தா அவங்களுக்கு அது கூடுதல் கண்ணு, எங்கயாவது புகை தெரிஞ்சா, கண்ணி வச்சிருந்தா, சொல்றதுக்கு ஆள் இருக்கும்.

மழைக்காலம் பத்தி ஒரே வார்த்தைதான், ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் மண் பாதை வேண்டாம். கருங்கல்லு மேல பாசி பிடிச்சா எந்த கிரிப் ஷூவும் நிக்காது, மேல எங்கயோ பெய்யற மழைக்கு கீழ ஓடைல நிமிஷத்துல தண்ணி ஏறும். 2005 ஜூலை 26ல ஒரே நாள்ல 944 மி.மீ. பெஞ்சு மீட்டி பொங்கி நம்ம வீட்டுக்குள்ள வந்ததை மறந்திருக்க மாட்டோம், அந்தத் தண்ணிக்கும் இந்த மலைக்கும் சம்பந்தம் உண்டு. அந்த நாலு மாசம் தார் ரோட்ல ஏத்தம் ஓடினா போதும், கால் வலு ஒண்ணும் குறையாது.

ஆசிரியர் அவர்களே, உங்க கிட்ட கேக்கறது ரெண்டு. பார்க் நேரம், டிக்கெட் விவரம், திங்கக்கிழமை லீவு, கைடு ட்ரெயில் புக் பண்ற முறை, இதெல்லாம் தமிழ்ல ஒரு தடவையாவது தெளிவா போடுங்க, நம்ம ஜனங்கள்ல மராட்டி போர்டு படிக்கத் தெரியாம தயங்கி நிக்கறவங்க நிறைய. இன்னொண்ணு, உங்க நிருபர் யாராவது வனத்துறை அதிகாரிங்க கிட்ட நேரா போய், அடுத்த நவம்பருக்குள்ள ஓடறவங்களுக்கு ஒரு பாதையாவது அறிவிக்க முடியுமான்னு கேட்டு, அவங்க என்ன சொல்றாங்களோ அதை அப்படியே போடுங்க. முடியாதுன்னு சொன்னா அதையும் போடுங்க, ஏன் முடியாதுன்னு தெரிஞ்சா நாங்க வேற வழி பார்க்கறோம்.

ஓடற நண்பர்கள் இதைப் படிச்சா, இன்னைக்கே ஆப்பைத் திறந்து பார்க் உள்ள மண் பாதைல ஓடின பழைய ட்ராக் ஏதாவது இருந்தா அதை ப்ரைவேட்டுக்கு மாத்திடுங்க, முடிஞ்சா அழிச்சுடுங்க. முலுண்ட் பக்கம், யேவூர் பக்கம் போட்டது முதல்ல.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்,
சயான் கோலிவாடா, மும்பை